லைனை நிறுத்தும் உரிமை

(ஓசூரில் உலகச் செவிலியர் நாளையொட்டி நடந்த கூட்டத்தில், ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் ஒரு எவர்சில்வர் தூக்கு வைத்திருக்கிறேன். பழைய தூக்கு. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. மூடியில் என் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது, அதன் கீழே 1988 என்று ஆண்டும் இருக்கிறது. இது அவர் கடையில் வாங்கியதல்ல. கம்பெனி கொடுத்தது.

அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. அவர் நிற்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் போல்ட். தடிமன் ஒன்றுதான், நீளத்தில் மட்டும் சிறு வித்தியாசம். பகல் ஷிப்டில் கண் பிரித்தறியும். நைட் ஷிப்டில் விடியற்காலை நான்கு மணிக்குக் கை தவறும். அப்பா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: ஒரு பெட்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து இடதுபக்கம் மாற்றி வையுங்கள் என்று. ஒரு வாரத்தில் மாற்றினார்கள். மாதக் கூட்டத்தில் மேலாளர் அந்தச் சீட்டை எல்லார் முன்னாலும் வாசித்து, இந்தத் தூக்கைக் கையில் கொடுத்தார். அன்று அப்பா பஸ் ஏறாமல் வீடு வரை நடந்தே வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

பிறகு நான் நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். அது தமிழ்நாடு, கர்நாடக எல்லைக்கு எந்தப் பக்கம் என்றுகூட இங்கே சொல்லப் போவதில்லை. வார்டில் மருந்து அலமாரியின் நடுத்தட்டில் இரண்டு அட்டைப் பெட்டிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றில் டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூல். மற்றதில் பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் பத்து மில்லி, ஒரே உருவம், எழுத்து மட்டும் வேறு. டிஸ்டில்ட் வாட்டரைத்தான் ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க எடுப்போம். பொட்டாசியத்தைப் பெரிய பாட்டிலில் கலந்து, மெதுவாக, சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். அப்படியே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி. இருபத்தெட்டு நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர். என் தோழி ஆம்பூலை உடைத்துச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எதேச்சையாக என் கண் உடைந்த ஆம்பூலின் எழுத்தில் விழுந்தது. கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் ரிப்போர்ட் புத்தகத்தில் நடந்ததை எழுதினோம். பொட்டாசியத்தைத் தனியாகப் பூட்டி வைக்கலாம் என்றும் எழுதினோம். பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. "வந்து ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள ஸ்டோர் எப்படி வைக்கணும்னு எங்களுக்குச் சொல்றீங்களா? நடக்காத ஒண்ணை எதுக்குப் புக்ல எழுதினீங்க?" தோழிக்கு மெமோ. எனக்கு எச்சரிக்கை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ அந்தப் பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்காம்மா?"

அந்தக் கேள்வியை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். போல்ட் தவறினால் வண்டியில் ஒரு கோளாறு. ஆம்பூல் தவறினால் ஓர் உயிர். போல்ட்டைக் கையாளுபவர் சொன்னதைக் கேட்ட ஊரில், ஆம்பூலைக் கையாளுபவர் சொன்னதை ஏன் கேட்கவில்லை? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ஓசூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தரவட்டம், கைசன், ஐடியா சீட்டு என்ற சொற்கள் இந்த ஊர் டீக்கடைகளில் புழங்குபவை. தரவட்டம் என்னும் க்வாலிட்டி சர்க்கிள், அதாவது தொழிலாளர்களே கூடித் தங்கள் வேலையின் தரத்தைப் பேசும் குழு, இந்தியாவுக்கு வந்தது 1980-இல், ஹைதராபாத் பி.எச்.இ.எல். ஆலையில். அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 2002-இல் டி.வி.எஸ். மோட்டார், தர நிர்வாகத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. 2017-இல் அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாம் ஆலை அதே விருதைப் பெற்றது. இந்த விருதுக்கு ஆய்வு செய்ய வருபவர்கள் இயந்திரத்தை மட்டும் பார்ப்பதில்லை. லைனில் நிற்கும் தொழிலாளி தன் வேலையின் தரத்தைப் பற்றித் தானே யோசிக்கிறாரா, யோசித்ததைச் சொன்னால் மேலே இருப்பவர்கள் கேட்கிறார்களா என்றும் பார்க்கிறார்கள்.

அதிலும் ஒரு பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். டொயோட்டா வழியில் நடக்கும் ஆலைகளில், குறை கண்ட தொழிலாளி லைனையே நிறுத்தச் சொல்லலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். "ஏன் நிறுத்தினாய்?" என்று அதட்ட வருவதில்லை. "என்ன பார்த்தாய்?" என்று கேட்க வருகிறார்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் தலைவர்கள் 2002-இல் ஜப்பானுக்குப் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். நோயாளிக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால் எந்த ஊழியரும், கூட்டிப் பெருக்குபவர் உட்பட, வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று விதி வகுத்தார்கள். கார் ஆலையிலிருந்து மருத்துவமனை பாடம் படித்தது. அதே பாடம் தெரிந்த ஆலைகள் நம் மருத்துவமனைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

இன்னொரு சான்றும் சொல்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய நரம்பில் குழாய் போடும்போது தொற்று வரும். அதைத் தடுக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் ப்ரோனவோஸ்ட் ஐந்து வரிப் பட்டியல் ஒன்று தயாரித்தார். கை கழுவு, தோலைச் சுத்தம் செய் என்பது போல எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் பட்டியலோடு ஓர் அதிகாரமும் சேர்ந்து வந்தது: மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், பக்கத்தில் நிற்கும் செவிலியர் நிறுத்தச் சொல்லலாம், நிர்வாகம் அவர் பக்கம் நிற்கும். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. தொற்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. காகிதத்தில் இருந்த ஐந்து வரி தானாக வேலை செய்துவிடவில்லை. அதைச் சொல்லும் தைரியம் ஒரு செவிலியருக்கு இருந்தது, சொன்னதற்காக மெமோ வராது என்ற நம்பிக்கையும் இருந்தது.

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன். செவிலியர் சுயமாக முடிவெடுப்பது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைப்பவர்களை, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஓர் இரவு தங்கிப் பார்க்க அழைக்கிறேன்.

தமிழ்நாட்டில் மூன்று செவிலியர்களைச் சுழற்சியில் அமர்த்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைத்தார்கள். இரவில் அங்கே இருப்பது பெரும்பாலும் ஒரு செவிலியரும் ஓர் உதவியாளரும்தான். வலியெடுத்து வரும் பெண்ணைப் பரிசோதிப்பவர், பிரசவம் பார்ப்பவர், "இது இங்கே ஆகாது, மேலே அனுப்ப வேண்டும்" என்று முடிவு செய்பவர் எல்லாமே அந்தச் செவிலியர்தான். 2018-20 கணக்கெடுப்பில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, இரவில் தனியாக விழித்திருந்த அந்தச் செவிலியர்.

நானும் தளி மலைப் பக்கம் ஒரு நிலையத்தில் அப்படி இருந்தவள். மழைக்காலத்தில் ஓர் இரவு, முதல் பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். கால் வீக்கம், தலைவலி, ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. கட்டிலில் ஏற்றும் முன்பே வலிப்பு வந்துவிட்டது. இந்த நிலையில் மக்னீசியம் சல்பேட் முதல் தவணையை, ஒரு பிட்டத்தில் ஐந்து கிராம், மறு பிட்டத்தில் ஐந்து கிராம், செவிலியரே போட்டு மேலே அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருந்தது. எனக்குப் பயிற்சி உண்டு, கையும் நடுங்கவில்லை. ஆனால் மருந்து ஸ்டோரில் பூட்டியிருந்தது. சாவி மாலையில் வீட்டுக்குப் போனவரோடு போயிருந்தது.

பூட்டை உடைத்தோம். ஊசி போட்டோம். 108 ஆம்புலன்ஸ் வந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

மறுநாள் எங்கள் மருத்துவ அலுவலரிடம் போய் நின்றேன். பழைய மெமோ ஞாபகத்தில் இருந்ததால் பயந்துகொண்டே நின்றேன். அந்த அம்மா உடைந்த பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன செய்யலாம் சிஸ்டர், நீங்களே சொல்லுங்க" என்றார். நாங்கள் மூன்று செவிலியரும் உட்கார்ந்து எழுதினோம்: பிரசவ அறையிலேயே ஓர் அவசர டிரே, அதில் பத்து மருந்துகள், ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் எண்ணிக் கையெழுத்து. அன்று மாலையே அந்த டிரே வந்தது.

இந்த இரண்டு சம்பவங்களையும் வைத்துத்தான் நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஊசி போடலாம் என்று அரசு எனக்குக் கொடுத்த அனுமதி, தொழில்சார் தன்னாட்சி. மருந்து எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது பாருங்கள், அது கூட்டு நிர்வாகம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால், கையில் அதிகாரமும் கதவில் பூட்டுமாக நிற்போம்.

கூட்டு நிர்வாகம் என்ற இந்தச் சிந்தனை நர்சிங்கில் புதிதல்ல. அமெரிக்காவில் 1980-களில் செவிலியர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அப்போதும் சில மருத்துவமனைகளை விட்டு மட்டும் செவிலியர்கள் போகவில்லை. அது ஏன் என்று ஆராய்ந்து, 1983-இல் அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. காந்தம் போல ஆட்களை ஈர்க்கும் மருத்துவமனைகள் என்று பெயர் வைத்தார்கள். அங்கெல்லாம் பொதுவாக இருந்தது, செவிலியர்களுக்குத் தங்கள் வேலை பற்றிய முடிவுகளில் இருந்த உண்மையான பங்கு. அதே காலத்தில் டிம் போர்ட்டர்-ஓகிரேடி என்னும் செவிலியர், வார்டு அளவில் குழு அமைத்து அதற்கு முடிவெடுக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுக்கும் முறையை ஊர் ஊராகப் போய்ப் பரப்பினார்.

நமக்கும் இதில் மரபு உண்டு. பக்கத்தில் வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப் படிப்பு வந்தது. கல்லூரியில் பாடம் நடத்துபவரே வார்டிலும் பொறுப்பேற்கும் வழக்கத்தை அங்கே வளர்த்தார்கள். படித்துத் தெரிந்தவரும் படுக்கையருகே நிற்பவரும் ஒருவராகவே இருந்தால், அவர் பேச்சைத் தட்ட முடியாது.

சட்டத்திலும் வித்து இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உட்காரும் பணிக்குழு அமைக்க அரசு ஆணையிடலாம் என்று இருந்தது. 1978-இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில், மருத்துவமனையும் தொழில் என்ற வரையறைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பொருள் கொண்டது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர். நம் பக்கத்து ஊர் வழக்கு அது.

அதைவிட நெருக்கமான ஒன்று. 2017 டிசம்பரில் மத்திய அரசு லக்‌ஷ்யா என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைத் தரத்தை உயர்த்தும் திட்டம். அதில் ஒவ்வொரு பிரசவ அறைக்கும் ஒரு தரவட்டம் அமைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆமாம், அப்பாவின் லைனில் இருந்த அதே தரவட்டம். மருத்துவரும் செவிலியரும் அதில் சேர்ந்து உட்கார வேண்டும். ஆக, சொல் நமக்கு வந்துவிட்டது. அதற்குள் உயிரைக் கொண்டு வருவதுதான் பாக்கி.

உயிர் ஏன் வரவில்லை? மூன்று தடைகளை நான் நேரில் பார்த்தேன்.

முதல் தடை, ஆள் இல்லாமை. பயிற்சி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லிவரும் அளவு. உங்கள் வார்டில் நேற்றிரவு எத்தனை பேருக்கு நீங்கள் ஒருவராக இருந்தீர்கள் என்று மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். இது வெறும் களைப்பு சம்பந்தப்பட்ட விஷயமல்ல. 2014-இல் லிண்டா எய்க்கனும் சகாக்களும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள்.

இரண்டாவது, நிரந்தரமின்மை. 2015-இல் அரசுப் பணிக்குத் தேர்வெழுதி வென்று வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் தரையில் உட்கார்ந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். தனியார் பக்கமும் இதே நிலைதான். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னபடி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாத பெண், சான்றிதழ்களின் அசலை பாண்டுக்காக ஒப்படைத்துவிட்டு வந்த பெண், "டாக்டர், இந்த டோஸ் சரியா?" என்று எப்படிக் கேட்பாள்? ஊதியமும் உரிமையும் வேறு வேறு கோரிக்கைகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, எல்லை. இது நம் ஊருக்கே உரியது. படித்து வந்த பிள்ளை இங்கே இரண்டு வருடம் வேலை கற்றுக்கொள்கிறாள். பிறகு ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரின் பெரிய மருத்துவமனைக்குப் போகிறாள். அங்கிருந்து வளைகுடா, அங்கிருந்து இங்கிலாந்து. போகட்டும், அது அவள் உரிமை. எல்லாரும் சம்பளத்துக்காகத்தான் போகிறார்கள் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. போகும் பிள்ளைகளிடம் பஸ் நிறுத்தத்தில் நின்று பேசியவள் நான். "இங்கே நான் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் அக்கா" என்று சொன்னவர்கள் பலர்.

அப்படி ஒருத்தி போகும்போது எதைக் கொண்டு போகிறாள் தெரியுமா? நம் வார்டுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே வரிசைக் கட்டில்களில் கேட்கும். இப்போது சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த ஒடியாப் பிள்ளைகளும் பீகார்ப் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதை முதலில் புரிந்துகொள்பவள் அவள்தான். ரவுண்ட்ஸில் மருத்துவர் நிற்பது சில நிமிடம். அவள் நிற்பது எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். அவளுக்குத் தெரிந்தது கேஸ் ஷீட்டில் ஏறாமலே போகிறது என்றால், அது அவளுக்கு மட்டும் இழப்பா?

இங்கே வழக்கமாக எழும் மறுப்புகளையும் நேர்மையாகப் பார்ப்போம்.

"ஆளுக்கொரு முடிவெடுத்தால் பொறுப்பு யாருக்கு?" என்று மூத்த மருத்துவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நோய் எது, அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற முடிவு மருத்துவருடையது. அதில் யாரும் கை வைக்கச் சொல்லவில்லை. படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, டியூட்டி மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறை, மருந்து அலமாரியின் ஒழுங்கு, புதிதாக வந்த பிள்ளையை எத்தனை நாளில் தனியாக நைட் விடலாம் என்பது, டியூட்டி லிஸ்ட், இவையெல்லாம் செவிலியத் தொழிலுக்குள் இருப்பவை. இவற்றில் முடிவைச் செவிலியரிடம் கொடுங்கள், பதிலையும் அவரிடமே கேளுங்கள். எழுதி வைத்த எல்லைக்குள் பொறுப்பு குழம்பாது. இப்போதுதான் குழம்பிக் கிடக்கிறது. முடிவு ஒருவருடையது, தவறினால் மெமோ இன்னொருவருக்கு.

"ஆளே இல்லாதபோது கூட்டத்துக்கு நேரம் ஏது?" என்று செவிலியர்களே கேட்கிறீர்கள். ஸ்டோருக்கு நடப்பது, பில்லுக்கு ஓடுவது, லிஃப்டுக்குக் காத்திருப்பது, லினன் எண்ணுவது, இவற்றில் ஒரு டியூட்டியில் எத்தனை மணி போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். செவிலியர்களைச் செவிலியமல்லாத வேலைகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று, நம் சென்னையைச் சேர்ந்த சரோஜினி வரதப்பன் தலைமையில் அமைந்த மத்திய உயர்நிலைக் குழு 1989-இலேயே சொல்லிவிட்டது. அந்த மணிகளை மீட்கத்தான் முதல் கூட்டமே தேவைப்படுகிறது.

"குழு என்றால் சங்கம் வந்துவிடும்" என்ற பயம் நிர்வாகங்களுக்கு. சங்கம் அமைப்பது அரசமைப்பு தந்த உரிமை, அதன் வேலை வேறு. வார்டுக் குழுவின் வேலை நோயாளியின் பாதுகாப்பு. இரண்டும் ஒன்றையொன்று தின்னாது. டெமிங் விருது வாங்கிய ஆலைகளில் சங்கமும் உண்டு, தரவட்டமும் உண்டு.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? மருத்துவமனை நடத்துபவர்களிடம் முதலில் கேட்கிறேன்.

ஒவ்வொரு வார்டிலும் ஐந்தாறு செவிலியர்கள் கொண்ட குழு ஒன்று இருக்கட்டும். அவர்களை வார்டு தேர்ந்தெடுக்கட்டும், இன்சார்ஜ் நியமிக்க வேண்டாம். மாதம் ஒரு மணி நேரம் கூடட்டும், அந்த ஒரு மணி டியூட்டி நேரமாகக் கணக்கில் ஏறட்டும். ஓய்வு நாளில் வரச் சொல்லும் குழு மூன்றாவது மாதம் செத்துப்போகும். எந்தெந்த விஷயத்தில் குழுவின் முடிவே முடிவு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மற்ற விஷயங்களில் குழு எழுதியதற்குப் பதினைந்து நாளில் பதில் கொடுங்கள். முடியாது என்றால் காரணத்தோடு முடியாது என்று எழுதுங்கள். "இல்லை" என்ற பதிலைத் தாங்கிக்கொள்வோம். பதிலே இல்லாததுதான் ஆளை உடைக்கும்.

மருந்து வாங்கும் குழுவிலும் தொற்றுத் தடுப்புக் குழுவிலும் நர்சிங் சூப்பிரண்ட் வெறுமனே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வரக் கூடாது. அவர் கையெழுத்தில்லாமல் தீர்மானம் நிறைவேறக் கூடாது. கையுறை கிழிகிறதா, கேனுலா நரம்பில் நிற்கிறதா என்று கையில் போட்டுப் பார்த்தவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகள்தான்.

நிறுத்தும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். சந்தேகம் வந்து நிறுத்திக் கேட்ட செவிலியருக்கு, அந்தச் சந்தேகம் தவறாகவே இருந்தாலும், மெமோ கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

அடுத்து, தொழிற்சாலை நண்பர்களே, உங்களிடம். உங்களுக்குப் போல்ட் தரும் சிறு பட்டறைக்குக்கூட நீங்கள் வெண்டர் ஆடிட் போகிறீர்கள். பிரஸ்ஸில் விரல் நசுங்கிய தொழிலாளியைக் கொண்டு சேர்க்கும் மருத்துவமனையில் நைட்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? ஒப்பந்தம் போடும்போது கேளுங்கள். உங்கள் தரவட்டம் நடத்தும் சூப்பர்வைசரை மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்கு அனுப்பி, குழு நடத்துவது எப்படி என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்த ஊரைத் தவிர வேறு எந்த ஊர் இதைச் செய்ய முடியும்?

அரசிடமும் கேட்க இருக்கிறது. 1926-இலேயே மதராஸ் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் கண்ட மாநிலம் இது. செவிலியருக்கெனத் தனி இயக்குநரகம் வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் செவிலியர்களின் பல்லாண்டுக் கோரிக்கை. 2023-இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் இயற்றியது. ஆணையத்தின் தலைவர் செவிலியத்தில் முதுநிலைப் பட்டமும் இருபது ஆண்டு அனுபவமும் உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது அது. டெல்லியில் தலைமை நாற்காலிக்குச் சொன்ன நியாயத்தை வார்டு வரை கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது எங்கே? நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். அந்தத் திட்டத்தில் நோய்த் தணிப்புச் செவிலியர், படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே போகிறார். அந்த வீட்டுத் திண்ணையில் அவர் எடுக்கும் முடிவை நம்புகிற அரசு, வார்டிலும் அவரை நம்பலாம்.

கடைசியாக உங்களிடம், என் பிள்ளைகளே. உரிமை கேட்கும் வாய்க்குக் கடமையும் உண்டு. முடிவெடுக்கும் இடத்துக்கு வருகிறவர் படித்துவிட்டு வர வேண்டும். "அப்படித்தான் செய்வோம் சார்" என்பது காரணமாகாது. எண்ணிக்கை சொல்லுங்கள், போன மாதம் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, எத்தனை தடவை மருந்து தாமதமானது என்று. உங்கள் கையில் நடந்த தவறை நீங்களே முதலில் எழுதுங்கள். உங்களுக்குக் கீழே புதிதாக வந்த பிள்ளை ஒன்றைச் சுட்டிக்காட்டினால், எனக்குக் கிடைத்த அந்தப் பதினொரு மணி பதிலை அவளுக்குக் கொடுக்காதீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், அன்று என்னை அதட்டியவரும் ஒரு செவிலியர்தான். அவரை யாரோ அப்படி அதட்டி வளர்த்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலி உங்கள் டியூட்டியில் அறுபடட்டும்.

பொட்டாசியம் போன்ற அடர் மருந்துகளை வார்டு அலமாரியில் சும்மா வைக்கக் கூடாது, தனியே பிரித்துக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் நோயாளர் பாதுகாப்புக்காக வெளியிட்ட ஒன்பது தீர்வுகளில் ஒன்றாகச் சொன்னது. அதைப் படித்த அன்று நான் அழுதேன். நானும் என் தோழியும் ரிப்போர்ட் புத்தகத்தில் நீல மையில் எழுதியது அதுதானே.

அப்பா இப்போது இல்லை. இந்தத் தூக்கில்தான் பல வருடம் நைட் டியூட்டிக்குச் சோறு கொண்டு போனேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவர் பெயரும் அவர் கேள்வியும் கண்ணில் படும்.

இன்று இரவு டியூட்டிக்குப் போகிறவர்கள் உங்கள் மருந்து அலமாரியின் நடுத்தட்டை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இங்கே வந்திருக்கும் நிர்வாகிகளே, நாளைக் காலை அந்தச் செவிலியரை அழைத்து என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள், சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நானே வந்து உங்கள் ஒவ்வொருவரிடமும் அப்பா கேட்டதைக் கேட்பேன்: அந்தப் பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா?